நான்காம் முளைக்கு அடியில்

மத்தியானம் ஒன்று பத்து. அருங்காட்சியகத்தின் கீழ்க் கூடத்தில், கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, ஒரு தையல்காரர் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பக்கத்து மனையில் இரண்டு மணிக்கு அஸ்திவாரக் கான்கிரீட் கொட்டப் போகிறார்கள். நேற்று மாலையிலிருந்து காணாமல்போன தன் மனைவி அந்த மண்ணுக்கு அடியில்தான் எங்கோ இருக்கிறாள் என்று அவர் சத்தியம் செய்கிறார். போலீஸ் நம்பவில்லை. இந்த ஊரில் அவரை நம்பியது இரண்டே பேர். அதில் ஒருத்தன் நான், அதுவும் அரை மனசாக.

"மணி என்னங்க?" என்று கேட்டார். இது ஆறாவது தடவை.

"போன தடவை நீங்க கேட்டதுக்கு ரெண்டு நிமிஷம் கூட" என்றேன்.

நம்பிய இன்னொருத்தி என்னை முறைத்தாள். அவள் என் அண்ணன் மகள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், தனியாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். நான் இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா இருந்தால் என் வாய்க்கு என் மனைவி பூட்டுப் போட்டுவிடுவாள் என்று இவளிடம் உதவியாளாகச் சேர்ந்துவிட்டேன். சம்பளம் தருகிறவள் என்பதால் அவளை 'முதலாளி' என்று கூப்பிடுவேன். பயந்துபோன நேரத்தில் மட்டும் பழைய 'பாப்பா' வந்துவிடும்.

தையல்காரரின் மனைவிக்கு இந்த அருங்காட்சியகத்தில்தான் வேலை. பழங்காலத்துக் கருவிகளை அதே மாதிரி செய்து, அவை எப்படி வேலை செய்தன என்று காட்டுவது அவள் பொறுப்பு. கூடம் முழுக்க அவள் கைவேலைதான் நின்றது. நிழலை வைத்து நேரம் பார்க்கும் கம்பு, சொட்டுச் சொட்டாக ஒழுகி நாழிகை காட்டும் பானை, தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் இருபதடி மரத்தொட்டி. கடைசியாக ஒரு பெரிய வேலையில் இறங்கியிருந்தாள். பக்கத்து மனைக்கு அடியில் பல நூற்றாண்டுக்கு முந்திய ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதை அந்தக் காலத்து ஆட்கள் அளந்த மாதிரியே, தண்ணீர்த் தொட்டியும் அளவுக்கோலும் வைத்து, மூன்று வாரமாக அளந்துகொண்டிருந்தாள்.

"வாய்க்காலுக்குள்ள எப்படி இறங்குவாங்க?" என்று முதலாளி கேட்டாள்.

"ஒரு இறங்குகிணறு இருக்குன்னு சொன்னா மேடம். அந்தக் காலத்துல ஆளுங்க சுவத்துல இருக்கற கால்குழியில மிதிச்சு இறங்கி தூர் வாருறதுக்காக வச்சதாம். உள்ள போக வர அது ஒண்ணுதான் வழி, ரெண்டு முனையும் அடைச்சுப் போச்சாம்." தையல்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கிணறு இருக்குன்னு எழுதிக் குடுத்தா அங்க கட்டடமே கட்ட முடியாதாம். சட்டம் அப்படியாம். அதையும் எழுதிக் குடுத்துட்டா."

அவள் மேசை இழுப்பறையில் கிடைத்த அறிக்கையின் நகல் முதலாளி கையில் இருந்தது. மனையின் மேல் ஒரே கோட்டில் எண் தகடு மாட்டிய பன்னிரண்டு மரமுளைகள் அடித்து, ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே வாய்க்காலின் தரைக்கு அளவுக்கோல் காட்டிய எண்ணைக் குறித்திருந்தாள். கடைசி வரி, 'இறங்குகிணறு நான்காம் முளைக்கு நேர் கீழே உள்ளது'.

அந்த வரிதான் பிரச்சினையே. இன்று காலை பத்து மணிக்குத் தொல்பொருள் அதிகாரி வந்து நான்காம் முளையில் தோண்டிப் பார்த்திருக்கிறார். வாய்க்கால் அதற்கும் கீழே என்றாலும் கிணற்றின் வாயாவது தெரிய வேண்டும்; ஆறடி ஆழத்துக்கு வெறும் கெட்டிக் களிமண். அறிக்கை தவறு என்று எழுதி, கான்கிரீட்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தப்பாக எழுதிய பெண் வெட்கப்பட்டு எங்கேயோ ஓடிவிட்டாள் என்பது ஊரின் முடிவு.

முதலாளி கூடத்தைச் சுற்றி வந்தாள். ஒரு மேடையில் நாலு வெண்கலத் தட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் கீழே இருந்த அட்டையை இரண்டு தடவை படித்தாள்.

"சித்தப்பா, இதைப் படிங்க."

படித்தேன். முற்றுகை நாட்களில் எதிரிகள் கோட்டைச் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டுவார்களாம். எங்கே தோண்டுகிறார்கள் என்று கண்டுபிடிக்க, உள்ளே இருந்த ஒரு கொல்லர் வெண்கலத் தகட்டைத் தரையில் அங்கங்கே வைத்துக் கேட்டுப் பார்த்தாராம். மற்ற இடங்களில் சத்தமே இல்லை. தோண்டும் இடத்துக்கு நேர் மேலே வைத்தபோது மட்டும் தகடு ரீங்கரித்ததாம்.

"இந்த அட்டையை எழுதினது யாரு?" என்று தையல்காரரைக் கேட்டாள்.

"அவதான் மேடம். இங்க இருக்கற எல்லா அட்டையும் அவ எழுதினது."

"அப்ப அவங்களுக்கு இது தெரியும். உயிரோட இருந்தா கீழேர்ந்து தட்டிக்கிட்டுத்தான் இருப்பாங்க. சித்தப்பா, தட்டை எடுங்க."

வாசலில் இருந்த காவலாளி ஓடி வந்தார். "சார், காட்சிப் பொருளைத் தொடக்கூடாது."

"தொடலய்யா. தூக்கிட்டுப் போறோம்" என்றேன்.

மனை அருங்காட்சியகத்தின் மதிலை ஒட்டியே இருந்தது. மதில் பக்கம் தாழ்வு, எதிர்ப்பக்கம் மேடு. மேட்டை நெருங்கிய இடத்தில் அஸ்திவாரத்துக்காகப் பெரிய பள்ளம் வெட்டி, மணல் பரப்பி, அதன்மேல் கம்பிவலை கட்டியிருந்தார்கள். பள்ளத்தின் ஓரம் கான்கிரீட் பம்ப் வண்டி ஒன்று நின்றது. அதன் பின்னால் மூன்று லாரிகள் வயிற்றைச் சுழற்றிக்கொண்டு இரைந்தன. பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே கத்த வேண்டியிருந்தது.

சைட் மேனேஜர் சிரித்த முகத்தோடு வந்தார். வெள்ளைச் சட்டை, அதில் ஒரு பொட்டு மண் இல்லை. கட்டட வேலையில் இவ்வளவு வெள்ளைச் சட்டையை நான் நம்புவதில்லை.

"மறுபடியும் வந்துட்டீங்களா?" என்று தையல்காரரிடம் பரிவாகக் கேட்டார். "அண்ணே, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல ஏதோ மனஸ்தாபம்னு அவங்களே இங்க பேசிக்கிட்டிருந்தாங்க. கோவிச்சுட்டுப் போனவங்க ரெண்டு நாள்ல வந்துடுவாங்க."

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அரை மனசு எனக்குக் கால் மனசாகக் குறைந்தது.

முதலாளி மேனேஜரைத் தாண்டிப் போய், மஞ்சள் தொப்பி போட்ட ஒருவரைப் பிடித்தாள். தலைமை அலுவலகத்திலிருந்து இன்று காலைதான் வந்திறங்கிய இன்ஜினியர். கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசுகிற ஆள்.

"மேடம், லாரியில கான்கிரீட் சுத்திக்கிட்டிருக்கு. நேரத்துக்குக் கொட்டலன்னா உள்ளயே இறுகிடும். அனுமதி கையில இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

"ரெண்டு நிமிஷம் எல்லா இன்ஜினையும் நிறுத்துங்க. நான் நாலாம் முளைகிட்ட காது வச்சுக் கேக்கணும். அவ்வளவுதான்."

"தட்டை வச்சா?" என்று தட்டைப் பார்த்தார்.

"ஒரு பொம்பளையோட உயிர் சார். ரெண்டு நிமிஷத்துக்கு உங்க கான்கிரீட் கோவிச்சுக்காது."

அவர் உதட்டைக் கடித்தார். பிறகு கையைத் தூக்கிக் காட்டினார். ஒவ்வொரு இன்ஜினாக அடங்கியது. மேனேஜர் சிரிப்பு மாறாமல் கை கட்டி நின்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான்காம் முளை மதில் பக்கம் இருந்தது. அதிகாரி காலையில் தோண்டிய குழி திறந்தே கிடந்தது. குழிக்குள் ஒரு தட்டு, இருபக்கமும் ஒவ்வொன்று, ஐந்தாம் முளையில் ஒன்று என்று கவிழ்த்தோம். முதலாளி குழிக்குள் குப்புறப் படுத்துக் காதை வைத்தாள். நானும் ஒன்றில் வைத்தேன். என் ரத்த ஓட்டம் எனக்கே கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. தையல்காரர் நாலு தட்டுக்கும் மாறி மாறி ஓடினார். "இருக்கியா? தட்டும்மா, ஒரு தடவை தட்டு" என்று மண்ணோடு பேசினார். வேலையாட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"நேரம் முடிஞ்சுது மேடம்" என்றார் இன்ஜினியர். குரல் தணிவாகத்தான் இருந்தது.

இன்ஜின்கள் மறுபடி இரைந்தன. தையல்காரர் எழுந்திருக்கவே இல்லை. மணி ஒன்று நாற்பது.

ஒரு மணல் குவியலில் முதலாளி உட்கார்ந்துவிட்டாள். முழங்கையெல்லாம் களிமண். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிண்டல் செய்ய வாய் வரவில்லை. எத்தனையோ கேஸில் தோற்றிருக்கிறோம். ஆனால் தோற்பது எத்தனை மணிக்கு என்று கடிகாரம் வைத்துச் சொன்ன கேஸ் இதுதான்.

"பாப்பா, ஒருவேளை அந்தம்மா நிஜமாவே..."

"நிஜமாவே கோவிச்சுட்டுப் போயிட்டாங்கன்னு சொல்றீங்களா? மூணு வாரம் மண்ணுக்குள்ள தவழ்ந்து அளந்தவங்க, அதிகாரி வர்ற அன்னிக்கா போவாங்க?"

அவள் அறிக்கையை மடியில் விரித்தாள். எண்கள் விரற்கடைக் கணக்கில், ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றாக, இருந்தன. முதல் முளைக்கு அறுபத்தொன்று. இரண்டாவதற்கு அறுபத்திரண்டு. அப்படியே ஒவ்வொன்றாக ஏறி, பன்னிரண்டாம் முளைக்கு எழுபத்திரண்டு. அவள் விரல் அந்த வரிசையில் இறங்கியது, ஏறியது, நின்றது. சட்டென்று எழுந்து இன்ஜினியரிடம் போனாள். நான் பின்னால் ஓடினேன்.

"சார், ஒரே ஒரு கேள்வி. அளவுக்கோல்ல எண் கூடினா, தரை மேல போகுதா கீழ போகுதா?"

"கீழ." அவர் எரிச்சலாகச் சொன்னார். "மட்டம் பாக்கற கோடு ஒரே உயரத்துல நிக்கும். கோலை வைக்கிற தரை தாழ்ந்துச்சுன்னா பெரிய எண் தெரியும். முதல் வருஷப் பாடம் மேடம்."

"எனக்குப் புரியல" என்றேன். நான் படித்ததெல்லாம் டிக்கெட்டில் இருக்கும் எண்கள்.

"குளத்துல ஒரு குச்சியை விடுங்க சித்தப்பா. ஆழம் கூடக் கூட குச்சி அதிகமா நனையும். எண் பெருசுன்னா பள்ளம்."

"அப்ப முதல் முளை மேடு, பன்னிரண்டாவது பள்ளம்."

"ஆமா. வாய்க்கால் ஒண்ணுலேர்ந்து பன்னிரண்டை நோக்கி ஒவ்வொரு விரலா இறங்குது. இப்ப ஒண்ணுன்னு போட்ட முளை எங்க இருக்கு பாருங்க."

பார்த்தேன். ஒன்று என்ற தகடு அருங்காட்சியக மதிலின் ஓரம், மனையின் தாழ்வான மூலையில் இருந்தது. பன்னிரண்டு என்ற தகடு எதிர்ப்பக்கம் மேட்டின்மேல் நின்றது.

"அப்ப தண்ணி பள்ளத்துலேர்ந்து மேட்டுக்குப் போயிருக்கா? மேட்டுல அதுக்குச் சொந்தக்காரங்க இருந்தாங்களோ என்னவோ."

இன்ஜினியர் அறிக்கையைப் பிடுங்கிப் பார்த்தார். இதுவரை அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "தலைகீழா எழுதியிருக்காங்களே. மொத்த ரிப்போர்ட்டும் தப்பு."

"காலையிலேர்ந்து அதைத்தான் சார் நானும் தலையில அடிச்சுக்கறேன்" என்றபடி மேனேஜர் வந்து சேர்ந்தார். "அந்தம்மாவுக்கு வேலை தெரியாது. பொம்மை செய்யறவங்க."

முதலாளி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"சார், அந்தக் காலத்துல பம்பு கிடையாது. ஒரு விரல் சரிவை நம்பித்தான் ஒரு ஊரே தண்ணி குடிச்சிருக்கு. தொட்டித் தண்ணியை வச்சு அந்த ஒரு விரலைப் பிடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு மேடு எது பள்ளம் எதுன்னு தெரியாதா? பன்னிரண்டு எண்ணையும் பாருங்க. ஒவ்வொரு விரலா, ஒழுங்கா வருது. தப்பு பண்றவங்க இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ண மாட்டாங்க."

"அப்ப?"

"எண் சரி. முளைதான் பொய் சொல்லுது."

பக்கத்தில் இருந்த முளையிடம் குனிந்தாள். மரமுளையில் எண் அடித்த தகரத் தகடு ஒற்றை ஆணியில் தொங்கியது. ஆணி பளபளவென்று புதுசு. நான் தகட்டைத் திருப்பினேன். அதற்குப் பின்னால் மரத்தில் இன்னொரு பழைய ஆணித்துளை, துருக்கறையோடு இருந்தது. அடுத்த முளைக்கு ஓடினேன். அங்கேயும் இரண்டு துளை. அதற்கு அடுத்ததிலும்.

"தகடு எல்லாத்தையும் கழட்டி முன்ன பின்ன மாத்தி அடிச்சிருக்காங்க முதலாளி. ஒண்ணைப் பன்னிரண்டுல, பன்னிரண்டை ஒண்ணுல."

"அப்ப நாலுன்னு எழுதியிருக்கற இடம் நிஜத்துல ஒன்பது. நிஜமான நாலு..."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். ஒன்பது என்ற தகடு தொங்கிய முளை, அஸ்திவாரப் பள்ளத்தின் விளிம்பில் நின்றது. பம்ப் வண்டியின் நீளக் குழாய் அந்தப் பள்ளத்துக்கு மேலேதான் வளைந்திருந்தது.

மேனேஜர் அதற்குள் பள்ளத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். "ஊத்துங்கப்பா. நேரமாச்சு, ஊத்துங்க" என்று கையை ஆட்டினார். குழாய் ஒரு தடவை உதறியது. சாம்பல் நிறக் குழம்பு பள்ளத்தின் தூர மூலையில் கொட்ட ஆரம்பித்தது.

"நிறுத்தச் சொல்லுங்க சார்" என்று முதலாளி கத்தினாள்.

இன்ஜினியர் கையைத் தூக்கினார், பாதியில் நிறுத்தினார். அவர் கண்ணில் அனுமதிக் கடிதமும் ஆணித்துளையும் மாறி மாறி ஓடியிருக்க வேண்டும். அவர் முடிவு எடுக்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. டிரைவர்களோடு இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். எந்த வண்டியிலும் சாவி எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பம்ப் வண்டியின் படியில் ஏறினேன், கையை விட்டேன், சாவியைத் திருகி உருவி என் பனியனுக்குள் போட்டுக்கொண்டேன்.

"யோவ், யாருய்யா நீ?" என்றார் டிரைவர்.

"கடைசி ஸ்டாப் வந்தாச்சு. எல்லாரும் இறங்குங்க."

பம்ப் அடங்கியது. இன்ஜினியருக்கு அதற்குப் பிறகுதான் குரல் வந்தது. லாரிகளையும் நிறுத்தச் சொன்னார்.

முதலாளி பள்ளத்தில் குதித்துக் கம்பிவலையின்மேல் தவழ்ந்தாள். முளைக்கு நேராக, வலையின் கண்ணுக்குள் கையை விட்டு மணலை விலக்கினாள். அரை முழத்தில் அவள் நகம் இரும்பில் பட்டது. கனமான இரும்புப் பலகை. அதன்மேல் தட்டைக் கவிழ்த்துக் காதை வைத்துப் படுத்துவிட்டாள். தூர மூலையிலிருந்து குழம்பு மெல்ல வழிந்து வந்துகொண்டிருந்தது.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் மாறவில்லை. பத்து எண்ணினேன். முப்பது எண்ணினேன். தையல்காரர் விளிம்பில் மண்டியிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். இங்கேயும் இல்லையென்றால் அவரிடம் என்ன சொல்வது என்று என் மனசு வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டது.

"சித்தப்பா" என்றாள் மெதுவாக. "இங்க வாங்க. என் காது ஆசைப்பட்டுக் கேக்குதா, நிஜமாவே கேக்குதான்னு தெரியல."

இறங்கிப் போய்க் காதை வைத்தேன். ணங். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ணங். தட்டு என் கன்னத்தில் அதிர்ந்தது.

என் முகத்தைப் பார்த்ததும் இன்ஜினியர் இறங்கி வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

"அது தண்ணிக் குழாய் சார்" என்றார் மேனேஜர் மேலே நின்றபடி. சிரிப்பு போயிருந்தது. "இந்தப் பக்கம் பழைய லைன் ஒண்ணு இருக்கு. அடிக்கடி சத்தம் வரும்."

முதலாளி ஒரு கல்லை எடுத்து இரும்புப் பலகையில் மூன்று தடவை தட்டினாள். காத்திருந்தோம். கீழேயிருந்து ணங், ணங், ணங். ஐந்து தடவை தட்டினாள். ஐந்து வந்தது.

"குழாய்க்கு எண்ணத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அதன்பின் யாரும் யாருக்கும் உத்தரவு போட வேண்டியிருக்கவில்லை. கம்பிவலையை வெட்டினார்கள். சிலர் மண்வெட்டியோடு ஓடி, வழிந்துவந்த குழம்புக்கு மணல் அணை போட்டார்கள். கிரேன் ஓட்டுகிறவர் தலையில் அடித்துக்கொண்டார். "நேத்து நாலு மணிக்கு நான்தான் சார் அந்தப் பலகையை வச்சேன். வெறும் குழின்னு சொன்னாரு. உள்ள ஆள் இருக்குன்னு சத்தியமா தெரியாது சார்."

எல்லோரும் மேனேஜரைப் பார்த்தோம். அவர் ஓடவில்லை. அங்கேயே ஒரு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் தெரியாது" என்றார். "கிணத்தை மூடிட்டுத் தகடை மாத்தி அடிச்சா அதிகாரி பாத்துட்டுப் போயிடுவாருன்னுதான் நெனச்சேன். கட்டடம் நின்னா என் வேலை போயிடும். அந்தம்மா வீட்டுக்குப் போயிட்டாங்கன்னுதான் நெனச்சேன். தூரத்துல வாய்க்காலுக்குள்ள அளந்துக்கிட்டு இருந்திருக்காங்க."

"எப்பத் தெரிஞ்சுது?" என்றாள் முதலாளி.

அவர் செங்கல்லின் விளிம்பைச் சுரண்டினார்.

"உள்ள ஆள் இருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"காலையில. ஏழு மணிக்கு. தார்ப்பாய்க்கு அடியில அவங்க பை கிடந்துச்சு." வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியால் முகத்தைத் துடைத்தார். "சொல்லிடலாம்னுதான் இருந்தேன். எட்டு மணிக்கும் நெனச்சேன். அதிகாரி வந்தப்பவும் நெனச்சேன். நேரம் ஆக ஆக, இவ்வளவு நேரம் ஏன் சொல்லலன்னு கேப்பாங்களேன்னு... சொல்லவே முடியாமப் போச்சு."

நான் கையை ஓங்கிவிட்டேன். அடித்தே இருப்பேன். அதற்குள் பள்ளத்திலிருந்து இன்ஜினியர், "சத்தம் நின்னுடுச்சு" என்றார்.

தட்டில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. முதலாளி தட்டினாள். பதில் வரவில்லை. மறுபடி தட்டினாள். கல்லை மாற்றிப் பிடித்து இன்னும் ஓங்கித் தட்டினாள். கிரேன் கொக்கியை மாட்டும்போது யாரோ ஒருவருக்குக் கை வழுக்கியது. திட்டாத ஆளில்லை. கடைசியில் பலகை சாய்ந்து எழுந்தது. உள்ளேயிருந்து ஈர மண்ணின் குளிர் மேலே வந்தது.

இன்ஜினியர்தான் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். யாரும் அவரைக் கேட்கவில்லை. டார்ச் வெளிச்சம் கீழே அலைந்தது. ரொம்ப நேரம் ஆனது போல இருந்தது. பிறகு குரல் வந்தது.

"மூச்சு இருக்கு. இழுங்க."

மேலே கொண்டுவந்து நிழலில் படுக்க வைத்தோம். முகமெல்லாம் சேறு. தண்ணீர் கொடுத்ததும் இருமினாள். இருமலைக் கேட்டதும் வேலையாட்களில் ஒருவர் உட்கார்ந்து அழுதார். அவருக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. முதலாளி யாரும் பார்க்காத மாதிரி திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸுக்கும் போலீஸுக்கும் நான் போன் செய்துவிட்டு வந்தேன்.

தையல்காரர் மனைவியின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். "ஒண்ணும் இல்லம்மா. வந்துட்டேன். வந்துட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி அவரைப் பார்த்தாள்.

"பையை மேலதான் வச்சுட்டு இறங்கினேன்" என்றாள். குரல் கிழிந்து வந்தது. "போன் அதுலதான் இருந்துச்சு. தார்ப்பாய்க்கு அடியில."

"பேசாத. அப்புறம் பேசலாம்."

"இருட்டினதும் நான் வரலன்னு நீங்க கூப்பிடுவீங்க, மணி அடிக்கும், வாட்ச்மேன் காதுல விழும், பையைப் பாத்துட்டு ஆளைத் தேடுவான்னு நெனச்சேன். உங்க போன் சத்தம் கேக்குதான்னு தட்டுறதை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். ராத்திரி பூரா கேட்டேன்."

தையல்காரர் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். உதவிக்கு யாரும் இல்லை.

"கூப்பிடல" என்றார். "காலையில அவ்வளவு சண்டை போட்டோமே. கோவத்துல நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டேன்னு நெனச்சேன். முதல்ல நீ கூப்பிடட்டும்னு இருந்தேன். போனைக் கையிலயேதான் வச்சிருந்தேன். ஒரு தடவைகூடக் கூப்பிடல. காலையில உங்க அக்காவே போன் பண்ணி உன்னைக் கேட்டப்பதான் எனக்கு உயிரே போச்சு."

தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. நான் கேட்டைத் திறக்கச் சொல்லக் கை காட்டினேன்.

"உங்க இடத்துல நான் இருந்திருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

அவர் உடைந்துபோய் அவள் கையைப் பிடிக்கப் பார்த்தார். இரும்பில் தட்டித் தட்டி இரண்டு கையும் தோல் உரிந்து ரத்தமாக இருந்தது. எங்கே பிடித்தால் வலிக்காது என்று தெரியாமல் தடுமாறி, கடைசியில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் வந்து, ஏற்ற வேண்டும் விடுங்கள் என்று ஆம்புலன்ஸ் ஆட்கள் சொன்னபோதும் அவர் விடவில்லை.